சஹனில் மீந்த மூன்று பங்கு

சஃபியுல்லாவுக்கு டீபி, குவைத்திலிருந்து வாங்கி வந்துவிட்டார் என்று காரைக்காலில் ஒரு பேச்சு. விசாரித்ததில் பாதி உண்மை: அவர் குவைத்தில் இருந்தது. மீதிப் பாதி எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப் போனால், அவர் தங்கை ஷஃபீனாவின் கணவர் கபீரின் டிராவல்ஸ் கடைக்குள் போய் நிற்கிறது.

புது விசாவுக்கு அவரை மெடிக்கலுக்கு அனுப்பியவர் கபீர்தான். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது, அன்ஃபிட். வியாதி இன்னதென்று டாக்டர் சொல்லுமுன் கபீர் சொல்லிவிட்டார். அதுவும் ஒரே ஒருவரிடம், ரகசியம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. ஊருக்குச் செய்தி சொல்ல அதைவிட வேகமான வழி கிடையாது.

சஃபியுல்லாவுக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனாலும் டாக்டர் சந்தேகத்தின் பேரில் டீபி மாத்திரை எழுதினார், அவரும் விழுங்கினார். அந்தச் சமயத்தில்தான் சொந்தத்தில் ஒரு கல்யாணம். நாலு பேருக்கு ஒரு சஹன். ஒரே பெரிய தட்டில் சோறு, சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கமாகச் சாப்பிட வேண்டும். கபீர் இருந்த சஹனில் சஃபியுல்லா வந்து உட்கார்ந்தார். கபீருக்குச் சட்டென்று சுகர் மாத்திரை ஞாபகம் வந்தது. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுந்தார். அவருக்குச் சுகர் கிடையாது. மற்ற இருவரும் அவர் முகத்தைப் பார்த்து எழுந்துகொண்டார்கள். சஃபியுல்லா தன் பக்கத்துச் சோற்றை மட்டும் சாப்பிட்டார். மற்ற மூன்று பக்கமும் விரல் படாமல் கிடந்தன.

மாத்திரை முடிந்தும் பொட்டுகள் அசையவில்லை. வேறொரு டாக்டர் முந்தின விசாவுக்கு எடுத்த மெடிக்கல் படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அப்போதே இருந்திருக்கின்றன, யார் கண்ணிலும் படாத அளவுக்குச் சின்னதாக. புதுச்சேரியில் நுரையீரலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். ரத்தக் குழாயின் உட்சுவர் செல்களில் உண்டாகிற, மெல்ல வளர்கிற, மிக அபூர்வமான கட்டி. இப்போதைக்கு அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்து வரலாம் என்றார்கள். பெயர் எபிதெலியாய்டு ஹீமாஞ்சியோ எண்டோதீலியோமா. யாருக்கும் ஒட்டாது. டீபி ஒரே மத்தியானத்தில் ஊரைச் சுற்றி வந்தது. இந்தப் பெயர் வாயில் நுழையாததால் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை.

ஷஃபீனா புருஷனிடம் சண்டை போடவில்லை. அண்ணனைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அன்னிக்கு எங்க நானா உங்க பக்கத்துச் சோத்துல கை வைக்கல. மாப்ள மாத்திரையப் போட்டுட்டு வந்து சாப்பிடுவாருன்னு விட்டு வெச்சிருந்தாராம்."

கபீருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக மச்சான் வீட்டுக்குப் போனார். மன்னிப்புக் கேட்பதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். சஃபியுல்லா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க மாப்ள. ஒட்டாதாம், டாக்டரே சொல்லிட்டாரு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கபீர் துபாய் டிக்கெட் விலையைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டு எழுந்து வந்தார்.

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வருகையில் சஃபியுல்லா அவரைப் பார்த்து ஸலாம் சொன்னார். நாலு பேர் காதில் விழும்படி, தெளிவாக. பதில் சொல்வது கடமை. கபீர் குனிந்து செருப்பைத் தேடினார். நிமிர்வதற்குள் மச்சானின் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பிவிட்டது. அந்தப் பதில் இன்னும் கபீரிடமே இருக்கிறது.