டிரைவர் சீட்டில் இருந்தவர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். சத்தியம் செய்து நிரூபிக்க எனக்குத் தெம்பில்லை. எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவன் நான். முதல் நாள் இரவு முழுக்க நெடுஞ்சாலையில் ஒரு லாரிக்கு அடியில் கிடந்தேன். விடிந்து வீட்டுக்குப் போனால் தூக்கம் வரவில்லை. கண்ணுக்குள் மண்ணைக் கொட்டியதுபோல் எரிச்சல். சாயங்காலம் ஷெட்டைப் பூட்டலாம் என்று எழுந்தபோதுதான் அந்த மோட்டார்ஹோம் வந்து நின்றது. உள்ளேயே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி... ஒரு குட்டி வீடு. ஓட்டி வந்தவர் இளவயசுக்காரர். கூடவே மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள்.

"அண்ணே, பழைய வண்டியா வாங்கினோம். ஹீட்டர் ஃபேன் போட்டா டேஷ்போர்டு பின்னாடி கருகுற வாசனை வருது. இன்னிக்கே பாத்துக் குடுங்க."

"நாளைக்கு வாங்களேன் தம்பி. உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

"வீட்டைக் காலி பண்ணிட்டோம்ணே. இனிமே படுக்கிறது எல்லாம் இதுலதான். குளிர் வேற..."

சின்னது அம்மாவின் தோளில் தூங்கி வழிந்துகொண்டிருந்தது. கருகுவது எது என்று கண்டுபிடிக்காமல் அனுப்பினால், நாலு பேரும் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவர்களை எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்கு அனுப்பிவிட்டு, டேஷ்போர்டின் அடிப்பலகையைக் கழற்றினேன்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, உள்ளே கைவிட்டு, விரலின் பின்பக்கத்தால் சூடு பார்ப்பான். இன்னொருவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சுவிட்ச் போடுவான். கீழே இருப்பவன் "போடு" என்றால், மேலே இருப்பவன் போட்டுவிட்டு "போட்டாச்சு" என்று சொல்லியே ஆக வேண்டும். முகம் தெரியாது. அந்தக் குரலை நம்பித்தான் கையை விடுகிறோம்.

எனக்கு சீட்டில் உட்காருகிறவன் என் மனைவியின் தம்பி. சரியான வாயாடி. ஒரு சொல் சொல்ல வேண்டிய இடத்தில் ஊர்க்கதை முழுக்கச் சொல்வான். என்னைச் சிடுமூஞ்சி என்பான். தூங்காதவன் என்று சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்.

ஃபேனுக்குக் கரண்ட் விடும் ரிலே அடியில் உருகியிருந்தது. புதிது மாட்டி, மச்சானை வண்டிப் பக்கம் விட்டுவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது மணி ஆறே முக்கால். இருட்டத் தொடங்கியிருந்தது. நேராக வந்து அடியில் படுத்தேன். சீட்டைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

"உக்காந்துட்டியா?"

சீட் கிறீச்சிட்டது.

"ம்."

"போடு."

டிக்... ரிலேயின் சத்தம். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

"போட்டாச்சு."

குரல் கரகரத்திருந்தது. மச்சானுக்கு என்ன வந்தது, அக்காவோடு சண்டையா என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு இருக்கிறானே, அதுவரைக்கும் லாபம் என்றும் நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ரிலேயைத் தொட்டேன். சூடே இல்லை. அப்பாடா!

"நிறுத்து. முடிஞ்சுது. மூடிடலாம்."

ஃபேன் நிற்கவில்லை.

"நிறுத்துடா!"

"இன்னும் சுடுது."

"எங்க சுடுது? நான்தான் தொட்டுப் பாத்தேனே."

"பின்னாடி."

சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு உள்ளே சுடுவது எப்படித் தெரியும்? திட்ட வாயெடுத்தேன். திட்டக்கூட அலுப்பாக இருந்தது. கையை இன்னும் உள்ளே விட்டேன். முழங்கை வரை... தோள் வரை...

சுரீர்!

கையை இழுத்துக்கொண்டு டார்ச் அடித்தேன். ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால், வயர் கட்டுக்குள், யாரோ இரண்டு வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். டேப் இளகி ஒழுகியது. பக்கத்தில் அடைத்திருந்த பஞ்சு கருக ஆரம்பித்திருந்தது.

"கிடைச்சுடுச்சுடா! இப்ப நிறுத்து."

"நிறுத்தியாச்சு."

ஃபேன் நின்றது. அப்போதுதான் பெடல் பக்கம் கண் போனது. மச்சானின் கால் எப்போதும் என் தலையில் இடிக்கும்.

அங்கே கால் இல்லை.

சீட்டில் மட்டும்... யாரோ மூச்சு விடும் சத்தம்.

ஷெட் கதவு கடகடவென்று திறந்தது.

"என்ன மாமா, படுத்துத் தூங்கிட்டீங்களா? இந்தாங்க, கொஞ்சம் சார்ஜ் ஏத்திட்டேன்."

மச்சான். வெளியிலிருந்து.

இரண்டு கையாலும் அந்த வண்டியின் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"எப்படா கழட்டின?"

"நீங்க முகம் கழுவப் போனப்பவே. வீக்கா இருந்துச்சு, பக்கத்து ஷெட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன்."

சீட்டைப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

பேட்டரியே இல்லாத வண்டியில் ஃபேன் ஓடியிருக்கிறது. என் விரல் கொப்பளித்திருந்தது.

அந்த முறுக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புது வயர் இழுத்தேன். மச்சானை என் பக்கத்தை விட்டு நகர விடவில்லை. அந்தக் குடும்பத்திடம் எதுவும் சொல்லவில்லை. வேறு வீடு இல்லாதவர்களிடம் என்னவென்று சொல்வது? வண்டியை விற்றவரின் நம்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்றைக்கும் எனக்குத் தூக்கம் இல்லை.

காலையில் அவர்களே போன் செய்தார்கள். பிள்ளைகள் நன்றாகத் தூங்கினார்களாம். அப்பாடா என்றிருந்தது. பிறகு விற்றவரைக் கூப்பிட்டேன். எடுத்ததும் திட்டத்தான் நினைத்தேன்.

"அந்த வயரை முறுக்கி விட்டது யாருங்க?"



"எங்க அண்ணன். அவனும் வயரிங் வேலைதான் பாத்தான். குடும்பத்தோட போறப்ப வழியில ரிப்பேர். அவசரத்துக்கு முறுக்கி விட்டுட்டு, ஃபேன் ஓடுதான்னு பாத்துக்கிட்டே முன் சீட்ல அசந்துட்டான். புகையிலயே போயிட்டான். நாங்க வேற ஃப்யூஸ் போட்டு, கழுவி வித்துட்டோம்."

"பொண்டாட்டி, பிள்ளைங்க?"

"பொழச்சுக்கிட்டாங்க. அவன்தான் எழுப்பினான்னு அண்ணி சொல்றாங்க. ஒவ்வொருத்தரையா உலுக்கி, கதவைத் தொறந்து, வெளிய தள்ளிவிட்டானாம்."

"அப்புறம் அவரு ஏன் வெளிய வரல?"

"அதாங்க எங்களுக்கும் புரியல. டாக்டர் சொன்னாரு... அவங்க எழுந்திரிச்சப்ப, அவன் உயிர் போயி ரெண்டு மணி நேரம் ஆயிருக்குன்னு."