இரண்டாவது பொட்டலம்

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம் நடந்தது இது. நெல்லியாளத்துக்குப் பக்கத்தில் ஒரு டீ எஸ்டேட் ஆபீசில் நான் கிளார்க். சொந்த ஊர் கோவை. பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, அந்தப் படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத வேலைக்கு மலையேறியவன். படிப்பின் வாசனை மிச்சமிருந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். ஆபீஸ் முற்றத்தில் இருக்கும் மழைமானியில் தினமும் காலையில் மழையை அளந்து எழுதுவது என் பொறுப்பு. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை. நான் அதைக் கொஞ்சம் கர்வத்தோடு செய்துகொண்டிருந்தேன்.

சாமி விஷயத்தில் நான் இரண்டுங்கெட்டான். வீட்டில் மனைவி விளக்கேற்றினால் கையெடுப்பேன். நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பேன். எஸ்டேட்டில் எல்லோருக்கும் இது தெரியும்.

அந்த ஆடியில் மழை விடவே இல்லை. மழைமானிக் கணக்கு ஏறிக்கொண்டே போக, ஒரு நாள் மதியம் தொழிலாளர்களின் கீழ் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறிப் பார்த்தேன். மண்ணில் நீளமாக ஒரு வெடிப்பு. கையை விட்டால் முழங்கை வரை போனது. நிழலுக்காக வைத்த சில்வர் ஓக் மரங்களில் சில, வீடுகளின் பக்கமாகச் சாய்ந்திருந்தன. எப்போதும் தெளிவாக வரும் ஊற்றுத் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி வந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல இயற்பியல் தேவையில்லை.

மேனேஜருக்குச் சொன்னேன். அவர் அதிகாரிகளுக்குச் சொன்னார். இருட்டுவதற்குள் எல்லோரையும் ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகும்படி உத்தரவு வந்தது. அழைத்துப் போகும் வேலை என் தலையில் விழுந்தது.

அங்கேதான் சிக்கல். அன்று காலையில்தான் எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது. ஓடைதான் எல்லை. வீட்டுக்கு ஒருவராவது கயிறு கட்டியிருந்தார்கள்.

எல்லோரும் கடைசி வீட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கொழுந்து பறிக்கிறவர், ஐம்பது வயது இருக்கும். பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் அந்தப் பேச்சு அவரிடம் ஒட்டியிருந்தது. அவருடைய மகளுக்கு இரண்டு தடவை கரு நிற்காமல் போய், இப்போது எட்டாம் மாதம். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று அந்த அக்கா தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டு காப்புக் கட்டியிருந்தார். மேட்டுக்கு மிக நெருக்கமான வீடும் அவருடையதுதான். அம்மா வராமல் நகர மாட்டேன் என்று மகள் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லை தாண்ட ஏலாதுங்கய்யா. புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார்.

டீயில் ஊறிய பிஸ்கட் எப்படிப் பொத்தென்று விழுமோ அப்படித்தான் இந்த மேடும் என்று விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "போன வருசமும் இப்பிடித்தான் சொன்னாங்க. ராத்திரி பூரா பள்ளிக்கூடத்துல குளுருல கெடந்ததுதான் மிச்சம். மேடு அப்பிடியேதான் நின்னுச்சு" என்றார். அது உண்மை. நானும் அவர்களோடுதான் கிடந்தேன்.

வேறு வழியில் போனேன். "ஏனுங்க்கா, ஆபத்துக்குப் பாவமில்லைன்னு சொல்லுவாங்கல்லங்க. அம்மன் மன்னிச்சுக்குவா, வாங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க நம்பாத சாமி மன்னிக்கும்னு நீங்க எப்பிடிங்கய்யா சொல்றீங்க?"

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டது சரி. எனக்குத் துளியும் தெரியாத விஷயத்துக்கு நான் உத்தரவாதம் கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்லூரி லேபில் இப்படிப் பேசியிருந்தால் என் வாத்தியார் வெளியே போ என்றிருப்பார்.

நேராகக் கோயிலுக்குப் போனேன். பூசாரி என் வயதுக்காரர். ஃபேக்டரியில் இலை வாட்டும் இடத்தில் வேலை பார்க்கிறவர். கரகத்துக்குப் பூச்சுற்றிக்கொண்டிருந்தார். எல்லை என்றால் என்ன, அதை வைத்தது யார் என்று கேட்டேன்.

"அம்மன் உலாப் போற எடம் வரைக்கும் எல்லைங்க."

"அப்ப அம்மன் ஓடையைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டா?"

அவர் பூவைக் கீழே வைத்தார். "மேடு நெசமாலுமே வருமுங்களா?"

"வரும்னு சத்தியம் பண்ண முடியாதுங்க. வர்றதுக்கு உண்டான அறிகுறி எல்லாம் இருக்குது."

அம்மன் பக்கம் திரும்பினார். "அப்பப் பூக் கேட்டுருவோமுங்க" என்றார்.

பூக் கேட்பது என்றால், வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். ஒருவர் கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. நாணயம் சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சிவப்பு வந்துவிட்டால் ஒருவரையும் அசைக்க முடியாது. வேண்டாங்க, அப்படியே கரகத்தைத் தூக்கிவிடுங்கள் என்றேன். "கேக்காமத் தூக்குனா ஒருத்தரும் பின்னால வரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

சொல்லி அனுப்பியதும் லைன் சனம் முழுவதும் குடையும் பிளாஸ்டிக் தாளுமாகக் கோயிலுக்கு வந்துவிட்டது. பூசாரி எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பொட்டலம் மடித்தார். இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துவிட்டு, எடுக்கச் சொல்லி அந்த அக்காவைக் கூப்பிட்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கை ஒரு பொட்டலத்தின் பக்கம் போய், தயங்கி, அங்கேயே நின்றது. வெள்ளை வரணும், வெள்ளை வரணும் என்று உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்டால் பதில் இல்லை.

வெள்ளை வந்தது.

குலவைச் சத்தத்தில் மழைச் சத்தம் கேட்கவில்லை. அந்த அக்கா அழுதார். பூசாரி கரகத்தைத் தலையில் ஏற்றினார். மேளக்காரர் மேளத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டார். மகள் தானாக எழுந்து வந்து எஸ்டேட் ஜீப்பில் ஏறினாள் என்று சொன்னார்கள். இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தது.

கோயில் கதவைச் சாத்திவிட்டு வரும்படி பூசாரி என்னிடம் சொல்லியிருந்தார். சாத்தப் போனபோது அம்மன் காலடியில் மற்றப் பொட்டலம் கிடந்தது. சும்மா ஓர் ஆர்வம். பிரித்துப் பார்த்தேன்.

அதிலும் வெள்ளைப் பூ.

பழையபடி மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். ஓடைக்கு முன்னால் அவர்களைப் பிடித்துவிட்டேன். கரகத்தோடு தலையைத் திருப்ப முடியாமல், நேராகப் பார்த்தபடியே பூசாரி கேட்டார்: "அய்யா, அங்க ஒண்ணும் விட்டுட்டு வரலைங்களே?"

"ஒண்ணும் விடலைங்க" என்றேன்.

அவர் ஓடையில் இறங்கினார். நான் குனிந்து செருப்பைக் கழற்றுவதுபோலப் பொட்டலத்தைத் தண்ணீரில் விட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அம்மனுக்குக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தபோது மேடு வந்துவிட்டது. லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். போய்ப் பார்த்தால் கடைசி வீடுகளின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு மண் உள்ளே நின்றது. மகள் உட்கார்ந்திருந்த கட்டிலைக் காணோம். பிறகு அந்த அக்கா, "அம்மா கூப்புட்டா, வந்தோம்" என்றார். என்னையோ மழைமானியையோ யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. உள்ளதைச் சொன்னால், எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது.

தீச்சட்டி பள்ளிக்கூட மைதானத்திலேயே எடுக்கப்பட்டது. அடுத்த மாதம் பெண் குழந்தை பிறந்தது.

அந்தப் பொட்டலத்தைப் பற்றி நான் பூசாரியிடம் இதுவரை கேட்டதில்லை. சனத்தை ஏமாற்றினோம் என்று அவர் நினைக்கிறாரா, அல்லது எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தபோதே அம்மனிடம் கேட்டு முடித்துவிட்டாரா, தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: அன்று நம்பிக்கை இல்லாத நான் வேண்டிக்கொண்டு நின்றேன். நம்பிக்கை உள்ள அவர் எதையும் அதிர்ஷ்டத்துக்கு விடவில்லை.

இப்போதெல்லாம் பூசாரி மழைக்காலத்தில் வேலைக்குப் போகும் வழியில், "எவ்வளவு பேஞ்சிருக்குதுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். ஆயுத பூஜையன்று ஃபேக்டரி மிஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு, மழைமானிக்கும் ஒன்று வைத்துவிட்டுப் போகிறார். நான் அதைத் துடைப்பதில்லை. குங்குமம் உள்ளே விழுந்து அளவைக் கெடுத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறேன். அறிவும் நம்பிக்கையும் ஒரே இடத்தில் இருக்க, எனக்குத் தெரிந்த ஏற்பாடு அவ்வளவுதான். அது போதும் என்றுதான் இன்றுவரை தோன்றுகிறது.