பிளேடின் நுனி போகும் பாதை

"செபாஸ்டின், நிறுத்து! நிறுத்து!" என்று வாக்கி-டாக்கியில் நான் கத்தியபோது, டிரெய்லரை இழுக்கும் புல்லரின் முன்சக்கரங்கள் இடப்பக்கம் திரும்பிவிட்டன. பின்னால் ஐம்பது மீட்டருக்கு மேல் நீளமுள்ள காற்றாலை பிளேடு. அதன் நுனி வலப்பக்கத்து வீட்டின் மொட்டை மாடியை நோக்கி நகரத் தொடங்கியிருந்தது. மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை.

தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்து முக்கு அது. நான் திண்டுக்கல்லில் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் ரூட் சர்வே பார்த்தேன். வண்டி வருவதற்கு முன்பே பாதையை அளந்து, ஒவ்வொரு திருப்பத்துக்கும் படம் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுப்பது என் வேலை. நகரும் ஒரு புள்ளி விட்டுச்செல்லும் பாதையைப் பள்ளிக்கூடத்தில் நியமப்பாதை என்று படித்திருப்பீர்கள். எங்கள் படத்தில் அப்படி மூன்று இருக்கும். புல்லரின் முன்சக்கரம் போகும் பாதை ஒன்று. பின் ஆக்ஸில் போகும் பாதை இரண்டாவது. அது திருப்பத்தின் உள்பக்கத்தை அறுத்துக்கொண்டு போகும். அதற்காகத்தான் இடப்பக்கத்து வயலோரத்தில் கிராவல் கொட்டியிருந்தோம். மூன்றாவது, பின் ஆக்ஸிலையும் தாண்டி நீண்டிருக்கும் பிளேடு நுனியின் பாதை. வண்டி இடது பக்கம் திரும்பும்போது இது வலது பக்கம் வீசும்.

மூன்றையும் நான் சரியாகத்தான் போட்டிருந்தேன். நுனி அந்த மாடிக்குள் நாலடி போய் வெளியே வரும், முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவருக்கு ஓரடி மேலே போகும், எதிலும் படாது. 'கிளியர்' என்று எழுதியிருந்தேன். அளக்கப் போன அன்றைக்கு மாடியில் யாரும் இல்லை.

வண்டி நின்றது. நான் கீழே நின்று கத்தினேன். "எல்லாரும் இறங்குங்க! பிளேடு மாடிக்கு மேல வரும்!"

நாற்காலிப் பெண் எழுந்திருக்கவே இல்லை. வீடு அவளுடையது, பெயர் தங்கமணி என்று பிறகு தெரிந்தது. "ஏனுங்க, வண்டி அந்தப்பக்கம் திரும்புது. வாலும் அந்தப்பக்கம்தானுங்க போகும்? எங்க ஊட்டு மாடியில நாங்க நிக்கிறதுக்கு உங்களுக்கு என்னங்க?"

அவள் கேட்டதில் தப்பில்லை. மாடு திரும்பினால் வாலும் கூடவே போகிறது. பார்த்துப் பழகியது அதுதான். கையிலிருந்த படத்தைத் தூக்கிக் காட்டினேன். கீழேயிருந்து காகிதத்தைக் காட்டினால் மாடியில் இருப்பவருக்கு என்ன தெரியும்? பின்னால் பழனி பஸ் வந்து நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

டிரைவர் செபாஸ்டின் கேபினிலிருந்து தலையை நீட்டினார். "அண்ணே, இம்புட்டு நேரம் ஸ்டியரிங்கை ஒடிச்ச மேனிக்கே நிக்க ஏலாது. என்ன செய்யட்டும்?"

"ஹேண்ட்பிரேக் போட்டுட்டு இறங்கி வாங்க."

அந்த வீட்டு வாசலிலேயே ஒரு நீள மூங்கில் ஏணி சாய்த்து வைத்திருந்தது. செபாஸ்டின் முன் முனையைப் பிடித்தார். நான் பின்பாதியில் பிடித்துக்கொண்டேன்; எனக்குப் பின்னால் ஆறேழு அடி நீட்டிக்கொண்டிருந்தது. "இப்ப அவரு இடதுபக்கம் திரும்புவாரு. ஏணியோட வாலை மட்டும் பாரும்மா," என்றேன்.

செபாஸ்டின் திரும்பினார். ஏணியின் வால் வலப்பக்கம் வீசி, கொடியில் காய்ந்த சேலையை இழுத்துக் கீழே போட்டது.

தங்கமணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "அடேங்கப்பா! எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க!" என்று அவளே விரட்டினாள். என் பத்து நிமிடக் கத்தலுக்கு அசையாதவர்கள் ஒரே நிமிடத்தில் இறங்கிவிட்டார்கள். கடைசி ஆளும் தெருவுக்கு வந்ததை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கை காட்டினேன்.

பிளேடு மெதுவாக வந்தது. வெள்ளை நுனி கைப்பிடிச் சுவரைத் தாண்டி மாடிக்குள் நுழைந்தது. அவசரத்தில் யாரும் எடுக்காமல் விட்ட நாற்காலியின் முதுகில் பட்டு, அதை இரண்டு சுற்றுச் சுற்றிப் படியோரம் தள்ளியது. பிறகு, வந்த மாதிரியே வெளியே போனது. பிளேடில் ஒரு கீறல்கூட இல்லை. தங்கமணி குழந்தையின் தலையை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு காற்றாலைக்கு மூன்று பிளேடு. மறுநாள் இரண்டாவது வருவதற்குள், தங்கமணியிடம் கேட்டுக்கொண்டு மாடி ஏறி, நுனி போகும் பாதையைச் சுண்ணாம்புப் பொடியால் வளைவாகப் போட்டேன். அதற்கு வெகுதூரம் தள்ளி, படிக்கட்டு வாசலில் அவள் நின்றுகொண்டு ஒருவரையும் மேலே விடவில்லை. நுனி கோட்டின் மேலேயே போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாவது பிளேடு வந்த அன்று மேலேயிருந்து அவள் குரல் கேட்டது. "ஏனுங்க! கோட்டைத் தாண்டிருச்சுங்க!"

ஏறிப்போய், அவள் காட்டிய இடத்தை அளந்தேன். கோட்டுக்கு அந்தப்பக்கம் ஒன்றரைச் சாண். என் கணக்கில் தப்பு இருக்காது என்ற நினைப்போடு இறங்கிவந்து செபாஸ்டினிடம் கோபமாகக் கேட்டேன்.

"அண்ணே, நான் என்ன பென்சிலா?" என்றார் அவர். "மழையில கிராவல் இளகிக் கெடக்கு. செத்த தள்ளிப்போயித்தேன் ஒடிக்க முடிஞ்சுச்சு."

வேலைக்கு வந்த நாளிலிருந்து கூர்மையான பென்சிலால் மெல்லிய கோடாகத்தான் போட்டுவந்தேன். படத்தில் போகிறது ஒரு புள்ளி. ரோட்டில் போகிறது மழை, மண், டயர், ஸ்டியரிங் பிடிக்கிற ஒரு மனிதன் எல்லாம் சேர்ந்த வண்டி.

ஓய்வு பெறும்வரை அதன்பிறகு மூன்றாவது பாதையை நான் கோடாகப் போட்டதில்லை. இரண்டு பக்கமும் மூன்றடி சேர்த்துப் பட்டையாகத் தீட்டினேன். அந்தப் பட்டை யார் வீட்டு மேலே விழுகிறதோ, அவர்களை முந்தின நாளே போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வந்த பிறகுதான் 'கிளியர்' என்று எழுதினேன்.