மணி அடிக்காத மத்தியானம்

எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் மணி அடிப்பது என் வேலை. ஆபீஸ் அறையைத் திறப்பது, திருச்சுழிக்குத் தபால் கொண்டுபோவது, டீச்சர்களுக்கு டீ வாங்கி வருவது எல்லாமும் என் வேலைதான். ஆனாலும் ஊரில் நான் மணி அடிக்கிறவன், அவ்வளவுதான். அதே பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தேன். அப்போது வாத்தியார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவேன். இப்போதும் யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுகிறேன். வாயைத் திறக்காமலே ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு வேலை எனக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம்தான்.

மணி என்றால் வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. கரண்டு மணியும் ஒன்று இருக்கிறது. அது காம்பவுண்டுச் சுவரைத் தாண்டாது. தண்டவாளத்தைத் தட்டினால் ஓடைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும். எல்லார் கையிலும் போன் இருந்தாலும், சாப்பாட்டு மணி கேட்டால்தான் பக்கத்துக் காட்டில் களை எடுக்கிற பெண்கள் நிமிர்வார்கள். டீக்கடைக்காரர் வடையை எண்ணெயில் போடுவதும் அப்போதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அந்தத் தேர்வு வந்தது. பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போக ஒரு பிள்ளை எவ்வளவு தயாராக இருக்கிறது, எதில் இன்னும் பழக வேண்டும் என்று பார்க்கிற தேர்வு. அதற்கு முந்தின வருடம் அதை ஒரு சனிக்கிழமை அருப்புக்கோட்டையில் வைத்தார்கள். எங்கள் பிள்ளைகளில் பெயர் கொடுத்தவர்கள் நிறைய, போனவர்கள் கொஞ்சம். சனிக்கிழமை என்றால் ஒரு பிள்ளைக்குக் காட்டில் வேலை இருக்கும், இன்னொன்றுக்குக் கூட வர ஆள் இருக்காது. இதைப் பார்த்துவிட்டு எங்கள் தலைமையாசிரியை அலைந்து பேசி, தேர்வை எங்கள் பள்ளியிலேயே, படிப்பு நாளிலேயே நடத்த வைத்தார். "ஸ்கூலுக்கு வர்ற பிள்ளை அப்படியே எழுதிட்டுப் போகட்டும். வீட்டுல போய் யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாம்" என்றார்.

தேர்வுக்கு முதல்நாள் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பரீட்சை முடியிற வரைக்கும் மணி அடிக்கக் கூடாது. சாப்பாட்டு மணியும் கிடையாது. பாதியில மணி கேட்டா, முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுப் பிள்ளைங்க பதறிப் போயிரும். மத்த கிளாஸை நாங்க கைகாட்டி விட்டுக்கிறோம்."

நான் தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலையில் வாசலில் ஒரு பெண் தன் மகளோடு வந்து நின்றார். அவர் வீட்டுக்காரர் என்னோடு பத்தாவது வரை படித்தவர். மகள் பிளஸ் டூ. முந்தின வருடம், பிளஸ் ஒன்னிலேயே, அருப்புக்கோட்டைக்குப் பெயர் கொடுத்துவிட்டு மிளகாய்ப் பழம் பொறுக்கப் போன பிள்ளை அது.

"அண்ணே, எங்க நாத்தனா மகனுக்கு இன்னைக்குக் காதுகுத்து. பரளச்சிப் பக்கம் அவுக சாமி கோயில்ல. மத்தியானம் சாப்பாட்டு மணி அடிச்சதும் இவளை அனுப்பி விட்டுருங்க. வேனோட வந்துருவோம். வயசுப் பிள்ளையத் தனியா விட்டுட்டுப் போக முடியாதுல்ல?"

நான் தலையை ஆட்டினேன். பிள்ளை தேர்வைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா போனதும் என் பக்கத்தில் வந்தது.

"மாமா, இன்னைக்கு மணி அடிக்க மாட்டீகள்ல?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எப்படியாச்சும் கடைசி வரைக்கும் எழுதிரணும் மாமா. எங்க அப்பா மில்லுக்கு அனுப்புவோமான்னு பேசிக்கிட்டு இருக்காக. சும்மா காலேஜுன்னு கேட்டா நடக்காது. உன்னால முடியுமான்னு கேட்பாக. முடியும்னு யாராச்சும் எழுதிக் குடுத்தாத்தான் கேக்கவே முடியும்."

இப்படி ஒரே நாளில் தலைமையாசிரியைக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று தலையாட்டி வைத்திருந்தேன்.

உச்சிவெயில் ஏறியது. மணி அடிக்கவில்லை. முதலில் வந்தவர்கள் காட்டில் களை எடுத்தவர்கள். கரிசல் மண் முழங்கால் வரை அப்பியிருக்க, வேலியோரம் வந்து நின்றார்கள்.

"ஏண்ணே, இன்னைக்கு மத்தியானம் உண்டா, இல்லையா?"

நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன்.

"என்னது, பல்வலியா?"

"வயித்தப் பாத்தா சாப்பாட்டு நேரம் மாதிரி இருக்கு. இவுக நிக்கிறதப் பாத்தா காலை நேரம் மாதிரி இருக்கு. எதைடி நம்புறது?" என்றார் இன்னொருவர்.

சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். சாப்பிடப் போவார்கள் என்று பார்த்தேன். மறுபடியும் குனிந்து களை எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். எதிரே டீக்கடைக்காரர் மாவுச் சட்டியைத் தூக்கிக் காட்டி, போடவா வேண்டாமா என்று சைகையில் கேட்டார். அதற்கும் தலையாட்டினேன். என்ன புரிந்துகொண்டாரோ, அடுப்பை அணைத்துவிட்டார்.

அப்புறம் வேன் வந்தது. உள்ளே சொந்தக்காரர்களும் சீர்த் தட்டுகளும் மடியில் குழந்தைகளும். டிரைவர் ஹாரன் அடித்தார். நான் ஓடிப்போய் இரண்டு கையையும் வீசினேன். அந்தப் பெண் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"பிள்ளை எங்கண்ணே?"

"மணி அடிக்கல" என்றேன். அன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தை அது.

"அதான் தெரியுதே! எப்ப அடிப்பீக?"

தலையை ஆட்டினேன்.

"இதுக்கு என்ன அர்த்தம்? இப்பவா, பெறகா?"

அதற்குள் அவர் வீட்டுக்காரர் முன்சீட்டிலிருந்து இறங்கினார். அவர்தான் தாய்மாமன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அவர் போகாமல் அங்கே ஒன்றும் நடக்காது. புது வேட்டி, புதுச் செருப்பு. இரண்டு எட்டு வைப்பதற்குள் செருப்பில் கரிசல் ஒட்டிக்கொண்டது.

"ஏலே மச்சான், என்னடா நடக்குது இங்க?"

"பரீட்சை."

"என்ன பரீட்சை? முழுப் பரீட்சைக்குத்தான் நாள் கெடக்கே."

"இது வேற. காலேஜுக்குப் போகத் தயாரான்னு பாக்குறது."

"பாஸா பெயிலா போடுவாகளா?"

"அதெல்லாம் கிடையாது."

"பெயிலே இல்லாத பரீட்சையா? நாம படிக்கிறப்ப இதை எங்கடா ஒளிச்சு வச்சிருந்தாக?" என்று சிரித்தார். சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "எம் மகளும் எழுதுதா?"

தலையாட்டினேன். இந்தத் தடவை அர்த்தம் கேட்கவில்லை. வராண்டா ஓரமாக நடந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். நானும் பின்னாலேயே போனேன். இப்போது வெளியே கூப்பிட்டால் அந்தப் பிள்ளையின் தேர்வு அதோடு போயிற்று. கூப்பிட வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. உள்ளே அவர் மகள் சடை நுனியை வாயில் கடித்துக்கொண்டு தாளின் மேல் கவிழ்ந்திருந்தது.

"சடையக் கடிக்காதன்னு ரெண்டாப்புலருந்து சொல்றேன்" என்று மெல்லச் சொன்னார்.

கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேனுக்குத் திரும்பினார்.

"இன்னும் மணி அடிக்கல" என்றார் மனைவியிடம்.

"போன்ல பாருங்க, சாப்பாட்டு நேரம் எப்பயோ போச்சு!"

"போன்ல எம்புட்டு வேணா ஆகட்டும். பள்ளிக்கூடத்துல அடிக்கல."

அந்தப் போனே உடனே ஒலித்தது. அவர் தங்கச்சி, காதுகுத்துப் பையனின் அம்மா.

"ஏத்தா, நான் என்ன செய்ய? கிளம்பித்தான் நிக்கேன். இங்க ஒருத்தன் மணி அடிக்க மாட்டேங்கிறான். ஆமாத்தா, அவனேதான், அந்த வாயில்லாத பய. சொன்னாக் கேக்கவா செய்றான்? பெரிய பிடிவாதக்காரனா இருக்கானே!"

என்னை ஒருவர் பிடிவாதக்காரன் என்று சொல்லிக் கேட்டது வாழ்க்கையிலேயே அன்றுதான். அவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு, வேன் நிழலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். போன் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் என் பிடிவாதம் ஒரு படி கூடிக்கொண்டே போனது. கடைசியில் பெரிய டீச்சரே சொல்லியும் நான் கேட்கவில்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

ஒருவழியாகத் தலைமையாசிரியை வராண்டாவில் வந்து கை காட்டினார். நான் கம்பியை எடுத்து அடித்தேன். கொஞ்சம் ஓங்கியே அடித்துவிட்டேன் போலிருக்கிறது. காட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். எதிரே அடுப்பு எரிந்தது. பிள்ளை ஓடி வந்தது.

"ஏண்டி, ஊரே காத்துக் கெடக்கு. இம்புட்டு நேரமா?" என்றார் அம்மா.

"நீதானம்மா மணி அடிச்சதும் வான்னு சொன்ன."

அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "எல்லாம் எழுதி முடிச்சியா?"

பிள்ளை ஒரு கணம் திகைத்து என்னைப் பார்த்தது. "முடிச்சேம்ப்பா."

"ஏறு" என்றார்.

காதுகுத்து நடக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டதாம். காத்திருந்த களைப்பில் பையன் தாய்மாமன் மடியில் தூங்கியே போனான். முதல் காது குத்தியது அவனுக்குத் தெரியவே இல்லை. அந்தப் பாக்கியையும் சேர்த்து இரண்டாவது காதுக்கு அழுதான் என்றார்கள்.

சில வாரம் கழித்துத் தேர்வு முடிவு வந்தது. பிள்ளையின் அப்பா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தார். கணக்கும் அறிவியலும் நன்றாக இருப்பதாகவும், ஆங்கிலம் இன்னும் பழக வேண்டும் என்றும் அதில் போட்டிருந்தது.

"பாஸுன்னு எங்கயும் போடலையே மச்சான்?"

"காலேஜுக்குப் போகலாம்னு போட்டிருக்கு."

"பேப்பர் சொல்லுதா, நீ சொல்றியா?"

தலையாட்டப் போனேன். அவர் விடவில்லை. "வாயத் திறந்து சொல்லுடா."

"ரெண்டு பேரும்தான்" என்றேன்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மில்லுப் பேச்சு அதோடு நின்றது.

கல்லூரி திறந்தபோது மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட நானும் போயிருந்தேன், டிரங்குப் பெட்டியைத் தூக்க. மகளும் அம்மாவும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அங்க மணி அடிப்பாகளா?"

"பெரிய காலேஜுப்பா. எங்கயாச்சும் அடிப்பாக, நமக்குக் கேக்காது."

"பெறகு வீட்டுக்கு வரணும்னு எப்படித் தெரியும் உனக்கு?"

பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. "மாமாவை இங்கருந்து ஓங்கி அடிக்கச் சொல்லுங்க."

பஸ் காரியாபட்டிப் பக்கம் திரும்பி மறையும் வரை அவர் அசையவில்லை. அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஏலே, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் கொஞ்சம் பலமா அடி."

நான் தலையை ஆட்டினேன்.