எதிர்வீட்டுக்கு நாற்பது பாடம்

“...நாற்பது பாடமும் முடிச்சாத்தான் வாயைத் திறக்கணும்னு யாரு உமக்குச் சொன்னா? நான் வெண்டைக்காய் வாங்கப் போய்ப் படிச்ச பாஷை ஓய் இது!” என்று ஹௌரா ஸ்டேஷனிலேயே ஆரம்பித்துவிட்டான், என்னை அழைத்துப்போக வந்த சாமா.

விஜயதசமி, காலை ஏழு மணி. சென்னையிலிருந்து இரண்டு இரவு ரயிலில் வந்த இடுப்புவலி எனக்கு. மிதவைப் பாலத்தை நடந்து கடந்து டிராம் ஏறினோம். மின்சார டிராம் ஓடத் தொடங்கிய புதிது. சாமா குடியிருக்கும் காளிகாட் ஐந்து மைல் இருக்கும், ஆளுக்கு இரண்டணா.

போன வருஷம் கம்பெனி வேலையாக இருவரும் ஒன்றாகத்தான் இங்கே வந்தோம். மறுநாளே சாமா கூடையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், கண்டபடி உளறி, காய்கறிக்காரிகள் சிரிக்கச் சிரிக்கப் பேசக் கற்றான். நானோ நம் வழக்கப்படி, விஜயதசமியன்று வங்காளிப் புத்தகத்துக்குச் சந்தனம் வைத்து முதல் பாடம் தொடங்கினேன்.

இவர்கள் வழக்கம் வேறு. அன்று துர்க்கையைக் கங்கையில் கரைத்துவிட்டு வந்து, அக்கம்பக்கத்தாரைத் தழுவி இனிப்பு ஊட்டுவார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் ஹரன் பாபு வாசலில் நின்று, “எஷோ பாபா, எஷோ!” என்று கையை விரித்தார். வரச்சொல்கிறார் என்பது எந்தப் பாடமும் இல்லாமலே புரிந்தது. நான் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, ‘அப்புறம்’ என்று சைகை செய்தேன். நம் ஊரில் ஒருவர் அப்படிக் கூப்பிட்டால் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பேனா? நான் இங்கே இருந்த மூன்று மாதமும் அவர் கூப்பிட்டார், நான் புத்தகத்தைக் காட்டினேன். பிறகு என்னை மட்டும் சென்னைக்கே மாற்றிவிட்டார்கள்.

இந்த விஜயதசமி மாலை ஆறரை மணிக்கு, நாற்பது பாடமும் முடித்த புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சாமாவோடு எதிர்வீட்டுக்குப் போனேன். காலைத் தொட்டுக் கும்பிட்டு, “போன வருஷம் வராததை மன்னிக்க வேண்டும். உங்களோடு பேசத்தான் படித்தேன்” என்று, ரயில் முழுக்க உருப்போட்டு வந்ததைப் பிழையில்லாத வங்காளியில் சொன்னேன். ஹரன் பாபு சிரித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சித்திரையில் ஜுரம் வந்தது. அதிலிருந்து அப்பாவுக்குக் காது கேட்பதே இல்லை” என்றார் அவர் மகன். வங்காளியில்தான் சொன்னார். ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது.

“ஏண்டா சாமா, எனக்கு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?”

“எழுதியிருந்தா நீர் வந்திருப்பீரா?”

என்று கேட்டுவிட்டு, சாமா தட்டிலிருந்த தேங்காய் உருண்டை ஒன்றை எடுத்துப் பெரியவர் வாயில் ஊட்டினான். அவர் இவன் வாயில் ஒன்றைத் திணித்து, கன்னத்தில் தட்டிச் சிரித்தார். பிறகு சாமா என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு, அந்தக் கையில் ஓர் உருண்டையை வைத்தான்.