சுவரில் தலைகீழாக வந்தவர்

மகள் ஜன்னலை அட்டையால் அடைத்து, நடுவில் ஆணியால் துளை போட்டாள். இருண்ட அறையின் சுவரில் எங்கள் படப்பைத் தெரு தலைகீழாக விழுந்தது. 

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது டீச்சரும் இதையேதான் செய்து காட்டினார். வகுப்பறைச் சுவரில் மைதானம் மேலே, வானம் கீழே. கை தட்டினோம். அப்போது கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் உள்ளே வந்தார். தலைகீழாக இருந்தும் அந்தத் தள்ளாட்டம் எனக்குத் தெரிந்தது. காலையில் அப்பா அம்மாவை அடித்தபோது போட்டிருந்த அதே நீலச் சட்டை.

"இன்னாடி, இந்தாளு குடிச்சிட்டு வந்துகினு கீறாரு!" பின்னால் ஒருத்தி சிரித்தாள்.

"யாரும்மா அது? யாருக்காவது தெரியுமா?" என்றார் டீச்சர்.

"தெரியாது டீச்சர்." முதலில் சொன்னது நான்தான்.

சுவரில் அவர் பெரிதாகிக்கொண்டே வந்தார். சட்டென்று சுவரை விட்டு மறைந்தார். அடுத்த நொடி கதவு அதிர்ந்தது. வெளியிலிருந்து என் பெயர் கேட்டது.

"அம்மா, யாரோ வராங்க பாரு!" மகள் கத்தினாள்.

எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. என் உள்ளங்கை துளையைப் பொத்தியிருந்தது. சுவர் இருண்டுவிட்டது.

"கைய எடும்மா," என்று சிணுங்கினாள். "ஷிப்ட் முடிஞ்சி அப்பா வந்துகினு கீறாரு. நான் பாக்கணும்."