நாலு விரல் துணி

தையல்காரன் கையில் துணி கொடுத்தால் அதில் கால்வாசி ஆவியாகிவிடும் என்பது கோயமுத்தூரில் யாரும் எழுதி வைக்காத சட்டம். பெற்ற தாய்க்குத் தைத்தாலும் தனக்கொரு கைக்குட்டை எடுத்துக்கொள்வான் என்பார்கள். இந்தச் சட்டத்துக்கு அடங்காத ஒரே ஆள் பெரிய கடை வீதி அப்துல் மஜீது. தைத்து முடித்த சட்டையோடு மிச்சத் துணியையும் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவார்.

"நாலு விரல் அகலத்துக்கு மேல இருந்தா அது உங்க துணிங்க. அதுக்குக் கீழ இருந்தா குப்பைங்க."

மிச்சத்தை வாங்கிப் போனவர்கள் அதை வைத்து லாந்தர் கண்ணாடிதான் துடைத்தார்கள். அது கிடக்கட்டும். அவருக்கு 'நாலு விரல் பாய்' என்று பேர் நிலைத்துவிட்டது. மில்காரர்கள்கூட அவரிடம் கண்ணை மூடிக்கொண்டு துணி கொடுத்தார்கள்.

குப்பை மட்டும் தினமும் சாயங்காலம் ஒரு பையில் கோட்டைமேட்டு வீட்டுக்கு வந்து சேரும். அவர் சம்சாரம் சபுரா அதற்காகவே அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

அவள் வெளியே போய்வந்த தெருக்கள் கொஞ்சம். ஆனால் ஊரே அவள் மடிக்கு வந்தது. பையைக் கவிழ்த்தால் யார் வீட்டில் கல்யாணம், யார் புதுசாகக் கோட்டு மாட்டிக்கொண்டு திரிகிறார் என்று தெரிந்துவிடும். நீலகிரிப் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்து மில்லுக்கு மேல் மில் முளைத்துக்கொண்டிருந்த காலம். நேற்றுவரை துண்டு போட்டிருந்தவர்களெல்லாம் கோட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சபுரா ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் இந்தக் கோணல்மாணல் துண்டுகளைக் கோணல்மாணலாகவே வைத்துத் தைத்து ஒரு போர்வை செய்துகொண்டிருந்தாள். ஓரங்களில் பட்டுநூலால் சங்கிலித் தையல், மீன்முள் தையல். வெறுமனே அழகுக்கு வைப்பதில்லை. போலீஸ் இன்ஸ்பெக்டரின் காக்கியை, அவர் தடியால் அடித்த காங்கிரஸ்காரரின் கதருக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் நெருக்கித் தைத்தாள்.

"வெளிய அடிச்சுக்கறாங்க. இங்கயாவது கட்டிக்கிட்டுக் கெடக்கட்டும்" என்று தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சம்பந்திகளின் துணிகளுக்கு நடுவே ஒரு சண்டைச் சேவலின் கொண்டையைப் பூத்தையலில் போட்டுவைத்தாள். ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அடிக்க வருவார்கள். அதுதான் அதில் ருசியே.

மஜீதுக்கு இதில் ஒரு அபிப்பிராயமும் கிடையாது. நல்லது என்றதில்லை, கெட்டது என்றதுமில்லை. ஊசி முனையில் பிழைக்கிறவருக்கு வீட்டிலும் ஊசியைப் பார்க்க என்ன ஆசை இருக்கும்?

போர்வையின் நடு இடம் மட்டும் காலியாகவே இருந்தது. அங்கே வைக்கத் தகுந்த துணி வரவில்லை.

அப்போதுதான் அன்னூர்ப் பக்கத்துப் பண்ணையக்காரர் வீட்டுப் பழனாத்தாள், மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்க வெல்வெட்டுத் துணி கொண்டுவந்தாள். மயில் கழுத்து நிறம். அந்தம்மா தன் வயசுக்கு ரவிக்கை போட்டதே கிடையாது. மகள் காலத்தில்தான் அந்த வீட்டுக்குள் ரவிக்கையே நுழைகிறது. நுழைகிறது என்றால் வெல்வெட்டாகவே நுழையட்டும் என்று மெட்ராசிலிருந்து வரவழைத்திருந்தாள்.

அன்று பையில் வந்தது வெல்வெட்டில் இரண்டே கீற்று. நெல் உமி மாதிரி. சபுரா அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இத எங்க வெக்கறது? கண்ணுக்கு மையாட்டத் தீட்டிக்கலாம்."

மஜீது சோறு தின்றார். மறுநாள் சாயங்காலம் பையை வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவள் பக்கம் போட்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சபுரா கையை வைத்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுசும் அதற்குள் அடங்கியது. கைக்குழி வெட்டின துண்டு பிறைபோல் வளைந்திருக்கும், கழுத்து வெட்டின துண்டு வட்டமாக வரும். இது நாலு பக்கமும் நேராக இருந்தது. கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் அதைத் திருப்பி எடுத்துப் போய்விடுவார். கேட்கவில்லை. நடுவில் வைத்து, சுற்றிலும் மஞ்சள் பட்டுநூலில் பூ ஓட்டினாள். முடிந்த அன்று மஜீது நின்று பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது, புள்ள."

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் வாயில் வந்த முதல் பாராட்டு அது. அவள் அதையும் எங்காவது வைத்துத் தைத்துவிடலாமா என்று பார்த்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பழனாத்தாள் தைத்து வாங்கின ரவிக்கையோடு மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கோட்டைமேட்டுக்கே வந்துவிட்டாள். பெண்பிள்ளைகளுக்கு அளவெடுப்பது சபுராதான், வீட்டில் வைத்துத்தான்.

"ஏனம்மணி, ரவிக்கை பத்தலீங்களே. பரிசம் போட்டதுல இருந்து புள்ளைக்கு நெய்யும் பாலுமாக் குடுத்துப்போட்டோம். கொஞ்சம் பிரிச்சு உட்டுக் குடுங்க."

சபுரா ரவிக்கையின் உள்தையலைப் புரட்டினாள். பிரித்து விடுவதற்கென்று மஜீது எப்போதும் உள்ளே இரண்டு விரல் துணி மடித்து வைப்பார். வளருகிற பிள்ளைகள், பெருக்கிற உடம்புகள், எல்லாம் யோசித்து வைப்பார். இதில் ஒன்றுமே இல்லை. விளிம்போடு விளிம்பாக ஓட்டியிருந்தது. உள்ளே மடிக்க வேண்டியதை மிச்சம் பிடித்ததில்தான் அந்த நாலு பக்கமும் நேரான துண்டு வந்தது என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது.

தலையைத் தூக்கினாள். பழனாத்தாள் கட்டிலின்மேல் கிடந்த போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானச் சோற்றுக்கு மஜீது வந்தபோது வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். உள்ளே பழனாத்தாள் போர்வையின்மேல் நாலு விரலை வைத்து ஒவ்வொரு துண்டாக அளந்துகொண்டிருந்தாள். காக்கி, சரி. கதர், சரி. சீட்டித் துணி, சரி. ஒன்றுகூட நாலு விரலைத் தாண்டவில்லை. கடைசியாக வெல்வெட்டின்மேல் கையை வைத்தாள். விரல்களுக்குப் பிறகும் துணி இருந்தது.

"ஏனுங் பாய், இது குப்பைங்களா, எங்க துணிங்களா?" கோபம் வந்தாலும் 'ங்க' போடாமல் திட்ட அந்தப் பக்கத்தில் யாரும் பழகவில்லை. "நாலு விரலு, நாலு விரலுன்னு ஊரே சொல்லுதுங்க. உங்க அல்லா மேல சத்தியமாச் சொல்லிப்போடுங்க, நீங்க எடுக்கலீன்னு. நான் கெளம்பிப் போயிடறேன்."

மஜீது ஒரு நாளும் தொழுகை தவறாத ஆள். வாசலில் நின்ற கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். வலது கை மெதுவாக மேலே எழும்பியது.

பொய்ச் சத்தியம் செய்துவிடுவார் என்று சபுராவுக்குத் தெரிந்துவிட்டது.

"நாந்தானுங்க எடுத்தேன். அவங்க ஊட்டுக்குக் கொண்டாந்து வெச்சிருந்தப்ப, அவங்களுக்குத் தெரியாம வெட்டிப்போட்டேன்."

எழும்பிய கை அப்படியே இறங்கியது. சபுரா காத்திருந்தாள். இல்லை, அவள் இல்லை என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள்.

வந்தது வேறு வார்த்தை.

"அதப் பிரிச்சு அம்மணிகிட்டக் குடு."

அத்தனை பேர் பார்க்க உட்கார்ந்து, மஞ்சள் பூவை ஒவ்வொன்றாகப் பிளேடால் அறுத்தாள். வெல்வெட்டு வெளியே வந்தபோது அதன் விளிம்பெல்லாம் ஊசித் தடம். அம்மை போட்ட முகம் மாதிரி. ரவிக்கைக்கு உதவாது. ஆனாலும் பழனாத்தாள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். படியிறங்கும்போது வாசலில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"பாய் தங்கமான மனுசனுங்க. வாச்சது அப்புடி."

அதற்குப் பிறகு மஜீதின் பேர் இன்னும் உயர்ந்தது. கட்டின பெண்டாட்டி என்றும் பார்க்காமல் பிரிக்க வைத்தாரே என்று வீதியில் பேசிக்கொண்டார்கள். கடையில் கூட்டம் கூடியது. வீட்டுக்கு அளவு கொடுக்க மட்டும் யாரும் வரவில்லை. பழைய ரவிக்கையை அளவுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்குள் சபுரா நுழைந்தால் கொடியில் காய்ந்த துணியை யாராவது எடுத்து மடித்து வைப்பார்கள்.

குப்பைப் பையும் வரவில்லை. கடையைச் சாத்துமுன் மஜீது அன்றன்றைய வெட்டுத்துணியை வீதியில் குவித்து, நாலு பேர் பார்க்க நெருப்பு வைத்துவிட்டு வந்தார். அவர் சட்டையில் ஒட்டிவரும் வாடையை வைத்து சபுரா தெரிந்துகொள்வாள். மயிர் கருகின வாடை வந்தால் இன்று பட்டு. காகித வாடை வந்தால் வெறும் பருத்தி. யார் வீட்டுப் பட்டு என்பதை வாடை சொல்லவில்லை.

இரண்டு பேரும் அந்த நாளைப் பற்றிப் பேசவேயில்லை. அவர் ஒருமுறையாவது தொடங்குவார் என்று கொஞ்ச காலம் அவளுக்கு ஒரு நப்பாசை இருந்தது. பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

அந்த மார்கழியில் மஜீதுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. பட்டப்பகலில் பல் கிட்டித்துப் போய்க் கிடந்தார்.

"அந்தப் போர்வைய எடு புள்ள. தாங்க முடியலே."

சபுரா பெட்டியைத் திறந்து எடுத்துப் போர்த்திவிட்டாள். இன்ஸ்பெக்டரும் காங்கிரஸ்காரரும் அவர் காலடியில் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். நடுவில் வெல்வெட்டு இருந்த இடம் சரியாக அவர் நெஞ்சுக்கு மேல் வந்தது. பிளேடு இழுத்ததில் அடி வேட்டியும் கிழிந்திருந்தது. அந்த ஓட்டை வழியாக அவர் பனியன் தெரிந்தது. மஜீது கையால் தடவிப் பார்த்தார். குளிர் அங்கேதான் நுழைந்தது போல.

"இதுல ஏதாச்சும் ஒண்ணு வெச்சுத் தெச்சிருக்கலாமல்ல?"

"தெக்கலாமுங்க. அதுக்கு நாலு விரலுக்கு மேல துணி வேணுமுங்களே" என்றாள் சபுரா.

கஞ்சி பொங்கும் சத்தம் கேட்டது. எழுந்து உள்ளே போனாள்.